வளைவைக் கற்ற கைகள்

நுழையும்முன்

மொழியைப் போலவே கட்டடக்கலையும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று வளர்வதாகும். வேற்று நாடுகளிலிருந்து வந்த கட்டடமுறை ஒன்று, இந்தியத் துணைக்கண்டத்தின் கல்லிலும் செங்கல்லிலும் மரத்திலும் எவ்வாறு வேரூன்றியது என்பதை இங்குள்ள இஸ்லாமியக் கட்டடங்கள் காட்டுகின்றன. அவற்றின் அழகை வியப்பதோடு நில்லாமல், அவை நிற்கும் முறையையும் அவற்றை எழுப்பிய கைகளின் அறிவையும் அறிய இப்பாடம் துணைசெய்யும்.

கல்லின் வலிமையும் மெலிவும்

இரண்டு சுவர்களுக்கு இடையே உள்ள வெளியை மேலே மூடுவது எப்படி? கட்டடக்கலை வரலாற்றின் மிகப் பழைய வினா இது. குடிசைக்கு மூங்கிலும் ஓலையும் போதும். வீட்டுக்கு மரவிட்டம் போதும். நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கவேண்டிய கட்டடத்திற்கோ கல் வேண்டும். ஆனால், கல்லுக்கு ஓர் இயல்பு உண்டு. அது பேரழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது.

இரு தூண்களின்மேல் கிடத்தப்பட்ட கல் உத்தரம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மேலுள்ள சுமையால் உத்தரத்தின் மேற்பகுதி அழுத்தப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. தூண்களுக்கு இடையே உள்ள தொலைவு மிகுந்தால் கீழ்ப்பகுதியில் விரிசல் கண்டு உத்தரம் முறிந்துவிடும். நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாக நிற்பதற்கும், தூணின் தலையில் உள்ள போதிகை இருபுறமும் கை நீட்டி உத்தரத்தை ஏந்துவதற்கும் காரணம் இதுவே.

உத்தரமின்றி மேலே செல்லவும் நம் கல்தச்சர் ஒரு வழி கண்டிருந்தனர். ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடச் சற்றே உள்நோக்கித் தள்ளி அடுக்குவது அம்முறை. நான்கு பக்கங்களிலிருந்தும் கற்கள் சிறிது சிறிதாக நெருங்கி வந்து உச்சியில் கூடும். கி.பி. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் உள்ளே வெற்றிடமாக இருந்தும் இன்றளவும் உறுதியாக நிற்பது இம்முறையின் ஆற்றலால்தான். இதனைப் பிதுக்கடுக்கு முறை எனலாம். இம்முறையில் உயரத்தை எளிதில் எட்டலாம். பரந்த அகலத்தை எட்டுவது அரிது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை அரைவட்டமாகவோ கூர்நுனியுடனோ ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கி, உச்சியில் முடிக்கல்லைப் பொருத்துவது. முடிக்கல் அமையும்வரை கற்களைத் தாங்க மரச்சாரம் வேண்டும். அது அமைந்தபின் சாரத்தை எடுத்துவிடலாம். ஒவ்வொரு கல்லும் தன் பக்கத்துக் கல்லை நெருக்கிப் பிடிப்பதால், எல்லாக் கற்களும் அழுத்தத்திற்கு மட்டுமே உள்ளாகின்றன. இழுவிசைக்கு அங்கு இடமே இல்லை. கல்லின் மெலிவை விலக்கி, வலிமையை மட்டும் பயன்கொள்ளும் இவ்வமைப்பே உண்மை வளைவு. வளைவு ஒன்று தன் நடு அச்சில் சுழல்வதாகக் கருதினால் கிடைக்கும் வடிவமே குவிமாடம்.

இந்தியா இம்முறையை அறவே அறியாத நாடு அன்று. கான்பூர் மாவட்டத்துப் பீதர்காவில் உள்ள குப்தர்காலச் செங்கற்கோயிலில் உண்மை வளைவுகள் உள்ளன. எனினும், பெருவழக்காக நிலைபெற்றவை தூண், உத்தரம், பிதுக்கடுக்கு ஆகியனவே.

தொழுகைக்கூடத்தின் தேவை

ஒரு சமயத்தின் வழிபாட்டு முறையே அதன் கட்டடத்தின் வடிவைத் தீர்மானிக்கிறது. கோயிலின் உயிர்நிலை கருவறை. அது சிறியது; இருள் சூழ்ந்தது. அடியவர் அதனை நோக்கி வெளியிலிருந்து உள்ளே செல்கின்றனர். பள்ளிவாசலிலோ, மக்கள் அனைவரும் தோளோடு தோள் சேர நீண்ட வரிசைகளில் நின்று, மக்காவின் திசை நோக்கித் தொழுகின்றனர். இந்தியாவில் அத்திசை மேற்கு. ஆகவே, மேற்குச் சுவரில் அத்திசையைக் காட்டும் மிஹ்ராப் என்னும் மாடம், அதன்முன் பரந்த கூடம், கூடத்தின்முன் திறந்த முற்றம், நீர்த்தடாகம் ஆகியவை பள்ளிவாசலுக்கு இன்றியமையாதவை ஆயின. உருவங்கள் இடம்பெறாத இக்கட்டடங்களில் எழுத்தும் கொடியும் வடிவியல் கோலங்களும் அணிகளாயின.

தடையற்ற பெருவெளி தேவைப்பட்ட இடத்தில் வளைவும் குவிமாடமும் உதவின. மேற்காசியாவிலும் பாரசீகத்திலும் நடு ஆசியாவிலும் செழித்திருந்த இம்முறை, கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தில்லியில் ஆட்சி அமைத்தவர்களின் எண்ணத்தில் இருந்தது. ஆனால், கட்டும் கைகள் இந்நாட்டுக் கல்தச்சரின் கைகளாக இருந்தன. எண்ணத்திற்கும் கைக்கும் இடையே இருந்த இந்த இடைவெளியிலிருந்து ஒரு புதிய கலை பிறந்தது.

தில்லியில் ஒரு நூற்றாண்டுப் பாடம்

தில்லியில் குதுப்மினார் நிற்கும் வளாகத்தைக் கல்லால் ஆன பாடநூல் எனலாம். அங்குள்ள குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலைக் குத்புதீன் ஐபக் 1190களில் எழுப்பினார். இருபத்தேழு கோயில்களின் கற்கள் இதற்குப் பயன்படுத்தப்பட்டன என்று அதன் கிழக்கு வாயிலில் உள்ள கல்வெட்டே கூறுகிறது. முற்றத்தைச் சூழ்ந்த தாழ்வாரங்களில் மணிச்சங்கிலியும் பூக்குடமும் செதுக்கிய கோயில் தூண்களை இன்றும் காணலாம். போரும் அழிவும் வரலாற்றின் ஒரு பகுதி. அதனை மறைப்பது வரலாறாகாது. அதனோடு நின்றுவிடுவதும் முழு வரலாறாகாது. அக்கற்களை அடுக்கியபின் என்ன நிகழ்ந்தது என்பதையும் காணவேண்டும்.

தொழுகைக்கூடத்தின்முன் 1199ஆம் ஆண்டில் வளைவுகள் கொண்ட பெருஞ்சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. அதன் நடுவளைவு ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுடையது. தொலைவிலிருந்து பார்த்தால் அது பாரசீக வளைவு போலவே தோன்றும். அருகில் சென்று கல்லின் இணைப்புகளை நோக்கினால் உண்மை விளங்கும். கற்கள் கிடைமட்டமாகவே அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வரிசையும் உள்நோக்கிப் பிதுங்கி வந்து உச்சியில் கூடுகிறது. 'வளைவு வேண்டும்' என்று கேட்கப்பட்டபோது, தாம் அறிந்த பிதுக்கடுக்கு முறையிலேயே அவ்வடிவைக் கல்தச்சர் ஆக்கித் தந்துள்ளனர். அச்சுவரின் முகப்பில் அரபு எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகளினூடே, கோயில் நிலைக்கால்களில் படரும் அதே கொடிகள் சுருண்டு படர்கின்றன. புதிய எழுத்தைப் பழகிய உளி, தன் பழைய கொடியை மறக்கவில்லை.

இல்துத்மிஷ் காலத்திலும் பிதுக்கடுக்கு முறையே தொடர்ந்தது. ஏறத்தாழ 1287இல் கட்டப்பட்ட பால்பனின் கல்லறை மாடத்தில்தான் மாற்றம் தெரிகிறது. இன்று அது சிதைந்து கிடக்கிறது; பார்வையாளரும் மிகுதியாகச் செல்வதில்லை. ஆயினும், தில்லியில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் ஆப்புக்கற்களால் ஆன முதல் உண்மை வளைவு அங்குள்ளதே என்று ஆய்வாளர் கருதுவர். மங்கோலியர் படையெடுப்புகளால் இடம்பெயர்ந்து வந்த நடு ஆசிய, பாரசீகக் கைவினைஞரின் பயிற்சியும் இம்மாற்றத்திற்கு ஒரு காரணம் என்பர்.

அடுத்த படி, அலாவுதீன் கில்ஜி 1311இல் எழுப்பிய அலாய் தர்வாசா. குதுப் வளாகத்தின் தெற்கு வாயிலாகிய இதில், செந்நிற மணற்கல்லும் வெண்பளிங்கும் மாறிமாறி ஒளிர்கின்றன. இதன் வளைவுகள் உண்மை வளைவுகள். குவிமாடம் உண்மைக் குவிமாடம். வளைவு தன்மேல் விழும் சுமையைக் கீழே மட்டும் அனுப்புவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். அத்தள்ளுவிசையைத் தாங்குவதற்காகவே இவ்வாயிலின் சுவர்கள் மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட தடிமனுடன் அமைக்கப்பட்டன. 1199ஆம் ஆண்டின் பிதுக்கடுக்கு வளைவுக்கும் 1311ஆம் ஆண்டின் குவிமாடத்திற்கும் இடையே சிறிது தூரமே உள்ளது. அத்தூரத்தைக் கடக்க 112 ஆண்டுகள், அதாவது கல்தச்சரின் நான்கைந்து தலைமுறைகள் ஆயின.

தெரிந்து தெளிவோம்

குதுப்மினார் ஏறத்தாழ 72.5 மீட்டர் உயரமும் 379 படிகளும் உடையது. ஐபக் தொடங்கிய இதனை இல்துத்மிஷ் தொடர்ந்து எழுப்பினார். 1368இல் இடி தாக்கிச் சேதமுற்ற இதன் மேற்பகுதியைப் பிரோஸ் ஷா துக்ளக் சீரமைத்தார். அப்பணியில் ஈடுபட்டோர் நாகரி எழுத்தில் சில குறிப்புகளைக் கோபுரத்தில் பொறித்துள்ளனர். விசுவகர்மாவின் அருளால் பணி நிறைவுற்றதாக அவற்றுள் ஒன்று தெரிவிக்கிறது. சுல்தானின் கோபுரத்தைச் சீர்செய்தோர் தம் தொழிலின் தெய்வத்தை அங்கேயே நினைவுகூர்ந்துள்ளனர்.

சதுரத்தின்மேல் வட்டம்

குவிமாடம் எழுப்புவோர்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அறை சதுரமானது, குவிமாடத்தின் அடி வட்டமானது. சதுரத்தின்மேல் வட்டத்தை வைத்தால் நான்கு மூலைகளிலும் தாங்குதளம் இராது. இதற்குக் கண்ட தீர்வு எளிமையும் நுட்பமும் உடையது. ஒவ்வொரு மூலையிலும் குறுக்கே ஒரு சிறுவளைவை அமைத்தால், நான்கு பக்கச் சதுரம் எட்டுப் பக்கம் உடையதாகும். எண்கோணம் வட்டத்திற்கு நெருங்கிய வடிவம். அதன்மேல் மேலும் சிறு வளைவுகளை வைத்துப் பதினாறு பக்கமாக்கினால் வட்டம் எளிதில் அமர்ந்துவிடும். அலாய் தர்வாசாவின் உள்ளே சென்று மூலைகளை அண்ணாந்து பார்த்தால் இம்மூலைவளைவுகளைக் காணலாம்.

இச்சிக்கலுக்குத் தக்காணம் கண்ட விடை இன்னும் வியப்பானது. கருநாடக மாநிலத்து விசயபுரத்தில் (பீஜப்பூர்) முகம்மது அடில் ஷாவின் கல்லறையாகிய கோல் கும்பசு உள்ளது. அது 1656இல் அம்மன்னர் மறைந்த காலத்தில் முழுமை பெறும் நிலையில் இருந்தது. அதன் குவிமாடத்தின் வெளிவிட்டம் ஏறத்தாழ 44 மீட்டர். உள்ளே ஒரு தூண்கூட இல்லை. ஒரு சதுரத்தின்மேல் அதனைச் சற்றே திருப்பி இன்னொரு சதுரத்தை வைத்தால் எண்முனை விண்மீன் வடிவம் தோன்றும். அவ்விரு சதுரங்களின் பக்கங்களையும் பெருவளைவுகளாக எழுப்பி, எட்டு வளைவுகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமாறு பின்னி, நடுவில் அமைந்த எண்கோண விளிம்பின்மேல் குவிமாடத்தை அமர்த்தினர். குவிமாடம் வெளிநோக்கித் தள்ளுகிறது. பின்னிய வளைவுகளின் சுமை உள்நோக்கிச் சாய்கிறது. ஒன்றன் விசையை மற்றொன்று அடக்குகிறது. குவிமாடத்தின் அடியில் உள்ள சுற்றுமாடத்தில் ஒருவர் மெல்லப் பேசும் சொல், எதிர்ப்புறத்தில் நிற்பவர்க்குத் தெளிவாகக் கேட்கும். வளைந்த சுவரின் வழியே ஒலி வழுக்கிச் செல்வதன் விளைவு இது.

மண்ணுக்கேற்ற மாடம்

தில்லியில் கற்ற பாடம் பிற பகுதிகளுக்குச் சென்றபோது, அந்தந்த நிலத்தின் மண்ணும் மழையும் அதற்குப் புதிய வடிவங்களைத் தந்தன.

வங்காளம் ஆறுகள் கொண்டுவந்த வண்டல்நிலம். அங்குக் கல் அரிது, களிமண் மிகுதி. ஆகவே செங்கல்லே முதன்மைப் பொருளாயிற்று. பெருமழையில் நீர் உடனே வழிந்தோட, அங்குள்ள மூங்கிற்குடிசைகளின் கூரை விளிம்பு வில்போல் வளைந்திருக்கும். அவ்வளைந்த விளிம்பைச் செங்கல்லிலேயே கட்டிப் பள்ளிவாசல்களுக்குச் சூட்டினர் வங்கக் கொத்தர். இன்றைய வங்காளதேசத்தின் பாகர்காட்டில், பதினைந்தாம் நூற்றாண்டில் கான் ஜகான் என்பவர் கட்டிய 'அறுபது குவிமாடப் பள்ளிவாசல்' இதற்குச் சிறந்த சான்று. பெயரில் அறுபது இருப்பினும் கூடத்தின்மேல் உள்ள மாடங்கள் எழுபத்தேழு, தூண்களே அறுபது. நடுவரிசையில் உள்ள ஏழு மாடங்கள் வட்டமானவை அல்ல. நாற்புறமும் சரிந்த குடிசைக்கூரையின் வடிவில் அமைந்தவை. உழவரின் குடிசை, இறைவனைத் தொழும் இடத்தின் முடியாக உயர்ந்துவிட்டது.

குசராத்தில் கோயிற்கலையில் கைதேர்ந்த கல்தச்சர் பலர் இருந்தனர். 1424இல் கட்டப்பட்ட அகமதாபாத்து ஜாமா பள்ளிவாசலின் கூடத்தில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன. அவற்றின்மேல் பதினைந்து பெருங்குவிமாடங்கள் உள்ளன. தூண்மண்டபமும் குவிமாடமும் அங்கே ஒரே கட்டடத்தில் இணைந்துவிட்டன. அந்நகரில் ஆப்பிரிக்க மரபினரான சீதி சையது என்பவர் 1573ஆம் ஆண்டையொட்டிக் கட்டிய சிறு பள்ளிவாசலின் பலகணிகள் உலகப் புகழ்பெற்றவை. மணற்கல்லில் மரக்கிளைகள் ஒன்றோடொன்று பின்னிப் படர, அவற்றின் இடைவெளிகளினூடே ஒளியும் காற்றும் உள்ளே வருகின்றன. வெம்மை மிகுந்த நிலத்தில் வெயிலின் கடுமையைக் குறைத்துக் காற்றை மட்டும் அழைத்துவரும் கருவியாகவே இக்கற்பலகணி பயன்பட்டது. அழகு அதன் பயனோடு பிறந்தது.

காசுமீரத்தில் தேவதாரு மரம் உண்டு, பனிப்பொழிவும் உண்டு. ஸ்ரீநகரின் ஜாமா பள்ளிவாசலில் முந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட தேவதாருத் தூண்கள் காடுபோல் நிற்கின்றன. குவிமாடம் இருக்கவேண்டிய இடத்தில், பனி சரிந்து விழுவதற்கு ஏற்ற கூம்புக்கூரைகள் உயர்கின்றன. குவிமாடம் இல்லாததால் அது பள்ளிவாசல் அல்லாமற் போகவில்லை. வடிவம் நிலத்துக்கேற்ப மாறலாம். வழிபாட்டின் நோக்கம் மாறுவதில்லை என்பதை அம்மரத்தூண்கள் உணர்த்துகின்றன.

முகலாயர் காலத்துச் சங்கமம்

இவ்வாறு பல பகுதிகளில் வளர்ந்த மரபுகள் முகலாயர் காலத்தில் ஓரிடத்தில் கூடின. தில்லியில் 1560களில் தொடங்கி 1570களின் தொடக்கத்தில் நிறைவுற்ற ஹுமாயூன் கல்லறை, பாரசீக மரபில் தேர்ந்த மீரக் மிர்சா கியாசு என்பவரின் திட்டப்படி அமைந்தது. நாற்கூறாகப் பகுத்த தோட்டத்தின் நடுவே உயர்ந்த மேடையின்மேல் அது நிற்கிறது. அதன் குவிமாடம் இரட்டைக் குவிமாடம். தொலைவில் வருவோர் கண்ணுக்கு எடுப்பாகத் தோன்ற வெளிமாடம் உயரமாகவும், உள்ளே நிற்போர்க்கு அளவோடு தோன்ற உள்மாடம் தாழ்வாகவும் அமைக்கப்பட்டன. இடையில் வெற்றிடம் உள்ளது. இரட்டைக் குவிமாட முறை தில்லிக்கு முற்றிலும் புதியதன்று; லோடி மரபினர் காலத்திலேயே அங்கு முயன்று பார்க்கப்பட்டதாகும்.

அக்பர் 1571இல் தொடங்கிய பதேப்பூர் சிக்ரியில் காட்சி தலைகீழாகிறது. நானூறு ஆண்டுகளுக்கு அருகில் வளைவைக் கற்றுத் தேர்ந்த பின்னரும், அங்குள்ள அரண்மனைப் பகுதிகளில் தூணும் உத்தரமும் போதிகையும் மீண்டும் முதன்மை பெறுகின்றன. ஐந்தடுக்குப் பஞ்சமகாலில் வளைவைத் தேடவேண்டியுள்ளது. கல்தச்சர் வளைவைக் கற்றுக்கொண்டது போலவே, பேரரசும் தூணைக் கற்றுக்கொண்டது. வங்கத்துக் குடிசையின் வளைந்த கூரை ஷாஜகான் காலத்தில் இலாகூர், ஆக்ரா, தில்லி அரண்மனைகளின் பளிங்கு மண்டபங்களை அடைந்தது.

1632இல் பணி தொடங்கிய தாசுமகால் இச்சங்கமத்தின் உச்சம். அதன் வெண்மை இராசசுத்தானத்து மக்ரானாப் பளிங்கால் ஆயது. பளிங்கிற்கு உள்ளே செங்கல்லும் சுண்ணச்சாந்தும் சுமையைத் தாங்குகின்றன. யமுனையின் மென்மையான கரையில் கிணறுகள் போல் ஆழத் தோண்டி நிரப்பிய அடித்தளத்தின்மேல் அது நிற்கிறது. நான்கு மினார்களும் நேராக நிற்பனபோல் தோன்றினாலும், சற்றே வெளிநோக்கிச் சாய்ந்துள்ளன. நிலநடுக்கத்தில் விழநேர்ந்தாலும் அவை நடுமாடத்தின்மேல் விழாமல் விலகி விழும். கண்ணுக்குத் தெரியாத இந்த முன்னெச்சரிக்கையும் அதன் அழகின் ஒரு பகுதியே.

தமிழ் மண்ணில் ஒரு பரிமாற்றம்

தமிழகத்திற்கு இஸ்லாம் பெரும்பாலும் கடல்வழி வணிகர் வாயிலாக வந்தது. அதனால் இங்குள்ள பழைய பள்ளிவாசல்கள் தில்லியின் வழியைப் பின்பற்றவில்லை. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் பழைய பள்ளிவாசல்களில் கருங்கல் தூண்களும், போதிகைகளும், கல் பாவிய தட்டைக் கூரையும் உள்ளன. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசல், வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. கோயில் மண்டபம் கட்டும் மரபில் வந்த உளி, அங்கே உருவங்களை விடுத்துப் பூவையும் கொடியையும் வடிவியல் கோலத்தையும் மட்டும் செதுக்கியது. தூணின் வடிவமும் போதிகையின் வளைவும் தமிழ்நாட்டுக் கோயிலில் காண்பனவே. மேற்குச் சுவரில் உள்ள மிஹ்ராப் அது எவ்வழிபாட்டிற்கு உரியது என்பதைச் சொல்லும்.

அதே பதினேழாம் நூற்றாண்டில் மதுரையில் இதற்கு நேர்மாறான காட்சியைக் காண்கிறோம். திருமலை நாயக்கர் 1636இல் எழுப்பிய அரண்மனையின் சொர்க்கவிலாசம், செங்கல்லாலும் சுண்ணச்சாந்தாலும் ஆன வளைவுகளையும் குவிமாடத்தையும் தாங்கி நிற்கிறது. வளைவுகளின்மேல் சுதையில் யாளியும் பிற உருவங்களும் விளங்குகின்றன. கடற்கரைப் பள்ளிவாசல் போதிகைத் தூணை ஏற்றது. மதுரை அரண்மனை வளைவை ஏற்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், கட்டடக்கலைக்குச் சமய எல்லை இல்லை என்பது கண்கூடாகும். நாகூர் தர்காவின் ஐந்து மினார்களுள் உயரமானதைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் ஆவார். 131 அடி உயரமுள்ள அம்மினார், மன்னரின் கொடைக்கு மட்டுமன்றி, மக்களின் பொதுவான மதிப்புக்கும் சான்றாக நிற்கிறது.

காத்தலும் கற்றலே

இக்கட்டடங்களை இணைத்துப் பிடிப்பது சுண்ணச்சாந்து. சுட்ட சுண்ணாம்பை நீரில் பல நாள் ஊறவைத்து, மணலும் செங்கற்பொடியும் கூட்டி அரைத்து, கடுக்காய்நீர், வெல்லம் முதலிய பொருள்களைச் சேர்த்துப் பக்குவப்படுத்துவர். பொருள்களும் அளவும் இடத்துக்கு இடம் வேறுபடும். இச்சாந்து மெல்ல இறுகும்; இறுகியபின்னும் சிறிது நெகிழ்வுடன் இருக்கும். உள்ளே புகுந்த ஈரத்தை ஆவியாக வெளியேவிடும். சிமெண்டு விரைவில் இறுகும். ஆனால், அது ஈரத்தை எளிதில் வெளியேவிடாது. பழங்கட்டடத்தின் விரிசலைச் சிமெண்டால் பூசினால், உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் கல்லையும் செங்கல்லையும் அரித்துப் பொடியாக்கும். காக்கும் எண்ணத்தோடு செய்த செயலே கேடாக முடியும்.

ஹுமாயூன் கல்லறையில் இப்பாடம் நடைமுறையில் கற்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அதன் கூரையில் இடப்பட்ட கான்கிரீட்டு அடுக்குகள் கட்டடத்தை அழுத்தி நீர்க்கசிவுக்கும் காரணமாயின. 2013இல் நிறைவுற்ற சீரமைப்புப் பணியின்போது அவை கையால் பெயர்த்தெடுக்கப்பட்டன. சுண்ணச்சாந்து முறை மீண்டும் கையாளப்பட்டது. மரபுவழிக் கல்தச்சரும் கொத்தரும் ஓடு செய்வோரும் அப்பணியில் ஈடுபட்டனர். கட்டடத்தைக் காப்பதற்கு முதலில் அக்கட்டடத்தை ஆக்கிய அறிவைக் காக்கவேண்டும் என்பதை அச்சீரமைப்பு மெய்ப்பித்தது. அவ்வறிவு நூல்களில் மட்டும் இருப்பதன்று; கையிலிருந்து கைக்கு வருவது. கற்பார் இன்றி ஒரு தலைமுறை கடந்துவிட்டால், அடுத்த தலைமுறை அதனைக் கேட்டறிய ஆளிராது.

பழஞ்சின்னங்களைக் காக்க 1861இல் தொல்லியல் துறை தோற்றுவிக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நம் கூட்டுப் பண்பாட்டின் வளமான மரபை மதித்துப் பேணுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என அரசமைப்பின் 51அ பிரிவு கூறுகிறது. எனினும், சட்டத்தின் கண்கள் எல்லாச் சுவர்களையும் எப்போதும் பார்த்துக்கொண்டிரா. எழுநூறு ஆண்டுகள் மழையையும் வெயிலையும் தாங்கிய சுதைப்பூச்சில் ஆணியால் பெயர் எழுத ஒரு மணித்துளி போதும். அதனை அழிக்க முயன்றால் பூச்சும் உடன் அழியும். பட்டியலில் இடம்பெறாத சிற்றூர்ப் பள்ளிவாசலும் தர்காவும் அரண்மனைச் சுவரும், 'புதுப்பித்தல்' என்னும் பெயரால் ஓடும் பளபளப்பு வண்ணமும் பூண்டு தம் முகத்தை இழந்துவருகின்றன.

முடிக்கல் இல்லாத வளைவு நில்லாது என்பது கட்டடக்கலையின் பாலபாடம். முடிக்கல் மட்டும் தனியே நின்று எதையும் தாங்காது என்பதும் அதே பாடத்தின் மறுபாதி. ஒவ்வொரு கல்லும் தன் பக்கத்துக் கல்லின்மேல் சாய்ந்து, அதனைத் தாங்கியும் அதனால் தாங்கப்பட்டும் நிற்கிறது. துணைக்கண்டத்தின் கட்டடங்களை ஆக்கிய மரபுகளும் அவ்வாறே நின்றன. அவற்றின் பெயரறியாக் கைகள் கற்ற பாடத்தைக் கற்பதும், கற்றதைக் காப்பதும் நம் தலைமுறைக்கு உரிய பணிகளாகும்.

கற்பவை கற்றபின்

1. ஒரே அளவுள்ள மரக்கட்டைகளைக் கொண்டு பிதுக்கடுக்கு வளைவையும், ஆப்பு வடிவக் கட்டைகளைக் கொண்டு உண்மை வளைவையும் அமைத்து, எது மிகுந்த சுமையைத் தாங்குகிறது என்பதை வகுப்பில் செய்து காட்டுக.

2. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள பழைய கோயில், பள்ளிவாசல், தேவாலயம், அரண்மனை ஆகியவற்றுள் ஒன்றைப் பார்வையிட்டு, அதன் கூரை எம்முறையில் மூடப்பட்டுள்ளது என்பதைப் படம் வரைந்து விளக்குக.

3. சுண்ணச்சாந்து கொண்டு கட்டடம் எழுப்பிய அனுபவமுள்ள கொத்தர் ஒருவரைச் சந்தித்து உரையாடி, அவர் கையாளும் கலைச்சொற்களைத் தொகுக்க.

4. 'பழங்கட்டடத்தைப் புதுப்பித்தலும் பாதுகாத்தலும் ஒன்றா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொல்லாடல் நிகழ்த்துக.